தொட்டில் கட்டுமுன் ஒரு வேலை



எங்கள் எதிர்வீட்டு மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை. அந்த வீட்டில் நடக்கும் தடபுடலைப் பார்க்க வேண்டுமே! மாமியார் பழைய கைலிகளையும் நூல் சேலைகளையும் கிழித்து, வெந்நீரில் அலசிக் காயவைத்து மடித்து அடுக்கிவிட்டார். செம்பனை வெட்டப் போகும் மகன், சம்பளம் வாங்கிய அன்றே பட்டணத்துக்குப் போய் ஸ்பிரிங் தொட்டில் வாங்கி வந்துவிட்டான். உத்தரத்தில் கொக்கி மாட்டி, அரிசிப் பையை வைத்து ஆட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு அடி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பெண் ஒருநாள் மாலை என்னிடம் வந்தாள்.

"பெரியம்மா, துணி இருக்கு, தொட்டில் இருக்கு, பவுடர், சோப்பு எல்லாம் வாங்கியாச்சு. இன்னும் என்ன வாங்கணும்? நீங்க சொல்லுங்க."

நான் கேட்டேன்: "வாங்குறது இருக்கட்டும் தாயி. உங்க கல்யாணத்தைப் பதிஞ்சாச்சா?"

பேச்சைக் காணோம். கீழே பார்த்தாள். "கோயில்ல தாலி கட்டினோம் பெரியம்மா. அப்புறம் பதிஞ்சிக்கலாம்னு அவரு சொன்னாரு. லீவு கிடைக்கல. அப்படியே ஓடிப்போச்சு."

இந்த 'அப்புறம்' என்ற சொல்லை நான் என் மாமியார் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். அது ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தியது என்பதையும் அறிவேன். அதனால்தான் இந்த மாதம் பிள்ளைக்குப் பால் எப்படிக் கொடுப்பது, மருந்து எப்படி அரைப்பது என்பதை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு பிஸ்கட் டின்னைப் பற்றி எழுதுகிறேன்.

* * *

1979ஆம் ஆண்டு. கெடாவில், சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். நான் தலைப்பிள்ளை சுமந்துகொண்டிருந்தேன். ஏழாம் மாதம் வரை பால் வெட்டினேன். விடியுமுன் பெரட்டுக்குப் போவதும், வாளி தூக்கி மேடு ஏறுவதும், திரும்பி வந்து லயத்தில் அடுப்பு மூட்டுவதும் எனக்கு மட்டும் வந்த கஷ்டமல்ல. அன்றைக்கு எல்லாருக்கும் அதுதான்.

என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவரிடம் சதுரமான ஒரு பிஸ்கட் டின் இருந்தது. மூடி துருப்பிடித்து, ஓரம் நசுங்கியிருக்கும். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார். மாதம் ஒருமுறை, சம்பளம் வந்த ராத்திரி, அதை எடுத்து என் முன்னால் வைப்பார்.

"படி தாயி, என்னென்ன இருக்குன்னு சொல்லு."

நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வேன். மாமாவின் அடையாளக் கார்டு. மாமியாரின் அடையாளக் கார்டு. என் கணவரின் பிறந்த சூரா. அவர் தம்பியின் பிறந்த சூரா. எங்கள் கல்யாணப் பத்திரிகை ஒன்று. என் கிளினிக் கார்டு. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் மூடியை அழுத்தி மூடுவார். படித்துக் காட்டியதையே மாதாமாதம் படிக்கச் சொல்கிறாரே என்று எனக்குச் சலிப்பாகக்கூட இருக்கும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "எதுக்கு அத்தை, போன மாசம் இருந்ததுதானே இப்பவும் இருக்கும்?"

அப்போதுதான் என் நாத்தனாரைப் பற்றிச் சொன்னார். அப்படி ஒருத்தி இருந்தாள் என்று தெரியும். ஆனால் அந்த வீட்டில் யாரும் அவளைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

அவள்தான் மூத்தவள். 1948இல் லயத்திலேயே பிறந்தவள். லயத்து மருத்துவச்சி ஒருத்தி பிள்ளையை வாங்கினாளாம். பிறந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று கிராணி சொல்லியிருக்கிறார். மாமா, 'அடுத்த சம்பளத்துக்குப் போவோம்' என்றாராம். அடுத்த சம்பளம் வந்தது, காய்ச்சலும் வந்தது. அதற்கடுத்த சம்பளம் கடன்காரனுக்குப் போனது. அப்படியே விட்டுவிட்டார்கள். பிள்ளை வளர்ந்தது. கையில் தாள் இல்லாததால் அவளுக்குச் சிவப்பு அடையாளக் கார்டுதான் கிடைத்தது. கட்டிக்கொண்ட மாப்பிள்ளைக்கும் சிவப்புக் கார்டு. சிவப்போ நீலமோ, கையில் உளி இருந்தால் சோறு கிடைக்கும் என்று அன்றைக்கு நினைத்தார்கள்.

பிறகு வந்ததுதான் வேலை பர்மிட். 1968இல் சட்டம் போட்டு, 1969இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் பர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்றாகிவிட்டது. தோட்டங்களில் எத்தனை குடும்பங்கள் அன்றைக்குக் கலங்கின என்பதை எங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மரத்தையே வெட்டிப் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டினார்கள். என் நாத்தனாரும் அவள் புருஷனும் 1970இல் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார்கள். அவள் இந்தியாவைக் கண்டதே இல்லை. கண்டதெல்லாம் இந்தத் தோட்டமும், செவ்வாய்க்கிழமைச் சந்தையும்தான்.

"கப்பல் மேலே நின்னு கையாட்டினா. எது அவ கைன்னு எனக்குத் தெரியல. அவ்வளவு கை ஆடுச்சு" என்றார் மாமியார்.

அதன் பிறகு அவர் மகளைப் பார்க்கவே இல்லை. சில வருஷம் கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அந்தக் கப்பல் போன வாரத்தில்தான் அவர் கடைக்காரரிடம் ஒரு காலி பிஸ்கட் டின் கேட்டு வாங்கியிருக்கிறார்.

* * *

எனக்கு வலி கண்டது நடுநிசியில். தோட்டத்து லாரி வரும்வரை எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். என் கணவர் வெந்நீர் போத்தலைத் தேடினார், செருப்பைத் தேடினார், என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே தேடினார். மாமியார் மட்டும் டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் தாதி கேட்ட முதல் கேள்வியே, "கார்டு எங்கே?" என்பதுதான். மாமியார் மூடியைத் திறந்து டின்னை அப்படியே நீட்டினார்.

ஆண் பிள்ளை. வீட்டுக்கு வந்ததும் ஒரு சண்டை. 16ஆம் நாள் தீட்டுக் கழித்து, அன்றைக்குப் பேர் வைத்து, அதற்குப் பிறகு பிறப்பைப் பதியலாம் என்றார் என் கணவர். அந்தக் காலத்தில் 14 நாளுக்குள் பதிய வேண்டும். எங்கள் ஊரில் போலீஸ் நிலையத்தில்தான் சொல்வோம். இரண்டு நாள் முன்னே பின்னே ஆனால் என்ன என்பது அவர் வாதம்.

சடங்கு சம்பிரதாயத்தில் ஒரு நூலிழை பிசகவிடாதவர் என் மாமியார். அன்று அவர் சொன்னது இன்றும் என் காதில் நிற்கிறது.

"பேரு எப்ப வேணும்னாலும் வெச்சுக்கலாம்டா. பொறந்ததை இப்பவே போய்ச் சொல்லு. உங்க அக்காளுக்கும் நல்ல பேருதான் வெச்சோம். அந்தப் பேரை வெச்சுக்கிட்டு அவ என்ன பண்ணா?"

என் கணவர் மறுபேச்சுப் பேசாமல் சைக்கிளை எடுத்தார். போகிற வழியில் அவருக்குத் தோன்றிய பேர்தான் என் மூத்த மகன் பேர். அதைச் சொல்லி அவன் இன்னமும் என்னிடம் குறைப்பட்டுக்கொள்வான். குறைப்படட்டும். அவன் பேர் தாளில் இருக்கிறது.

* * *

இது பழைய கதை, இப்போது யார் இப்படி இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2011 பிப்ரவரியில் நம்மவர்களுக்காகவே 'மைடாஃப்தார்' என்ற பதிவு இயக்கத்தை நடத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? பிறப்புப் பத்திரம் இல்லை, அடையாளக் கார்டு இல்லை என்று வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களில் பலர் வயது வந்தவர்கள். பள்ளியில் சேர்ப்பது, 12 வயதில் அடையாளக் கார்டு எடுப்பது, வேலைக்குப் போவது, கல்யாணம் செய்வது என்று ஒவ்வொரு படியிலும் முட்டி நின்றவர்கள்.

ஆகவே, முதல் பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் சகோதரிகளே, முதலில் கல்யாணப் பதிவைப் பாருங்கள். 1982 மார்ச் 1ஆம் தேதிக்குப் பிறகு நடந்த நம் கல்யாணங்களைச் சட்டப்படி பதிந்தே ஆக வேண்டும். கோயிலில் தாலி கட்டியது கடவுளுக்கும் ஊருக்கும் தெரியும். பதிவு இலாகாவுக்குத் தாள்தான் தெரியும். பதியாவிட்டால், பிறக்கும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் தாயின் பிள்ளை மட்டுமே. தகப்பனின் குடியுரிமை அந்தப் பிள்ளைக்கு வராது. மனைவி வெளிநாட்டுப் பெண்ணாக இருந்தால் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தகப்பன் நீலக் கார்டு வைத்திருந்தும் பிள்ளை அந்நியனாகிவிடும்.

பதிவுக்கு விண்ணப்பம் கொடுத்த அன்றே காரியம் முடியாது. 21 நாள் அறிவிப்புப் போடுவார்கள். அதன் பிறகு, 21 வயதுக்குக் குறையாத இரண்டு சாட்சிகளோடு போக வேண்டும். ஐந்தாம் மாதத்தில் தொடங்கினால் தாராளமாக நேரம் இருக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம்.

அடுத்தது பிறப்புப் பதிவு. தீபகற்பத்தில் இப்போது 60 நாள் அவகாசம் இருக்கிறது. 30ஆம் நாள் பேர் வைக்கிற வழக்கமுள்ள வீட்டுக்கும் இது போதும். தாய், தகப்பன் அடையாளக் கார்டு, கல்யாணப் பத்திரம், ஆஸ்பத்திரியில் கொடுக்கும் தாள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போனால் அலைச்சல் இருக்காது. 60 நாள் தாண்டிவிட்டால் தாமதப் பதிவு. சாட்சி, விசாரணை, கூடுதல் தாள் என்று இழுபடும்.

மூன்றாவது, வேலை இடத்துக் கடிதம். எங்கள் காலத்தில் பேறுகால விடுப்பு 60 நாள். தீபகற்பத்தில் 2023 ஜனவரி 1 முதல் அது 98 நாள். நீங்கள் தோட்டத்திலோ பாக்டரியிலோ வேலை செய்தால், பேறு குறித்த தேதிக்கு முந்திய 60 நாட்களுக்குள், எப்போதிருந்து விடுப்பு எடுக்கப் போகிறீர்கள் என்பதை நிர்வாகத்திடம் தெரிவித்துவிட வேண்டும். தகப்பனுக்கும் 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். மனைவி கர்ப்பமாக இருப்பதை 30 நாளுக்கு முன்னதாகவே சொல்லிவைப்பது நல்லது. இந்தச் சலுகை மணமான ஆணுக்குத்தான். பார்த்தீர்களா, இங்கேயும் அந்தக் கல்யாணத் தாள்தான் முன்னால் வந்து நிற்கிறது. மண்டோரிடம் வாயால் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். எழுதிக் கொடுங்கள், நகல் ஒன்றை டின்னில் போடுங்கள்.

நான்காவது, கிளினிக்கில் கொடுக்கும் புத்தகம். அதை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, தாதி வரச் சொன்ன நாளில் மட்டும் தூக்கிக்கொண்டு போகிறோம். அதில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் குறித்திருப்பார்கள். அது அழகுக்கு ஒட்டியதல்ல. வெள்ளை என்றால் தாதியின் கவனிப்பு போதும். பச்சை என்றால் கிளினிக் டாக்டரும் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் பெரிய டாக்டரிடம் அனுப்புவார்கள். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. உங்கள் புத்தகத்தில் இன்று என்ன நிறம் என்று வீட்டுக்காரருக்குத் தெரியுமா? மாமியாருக்குத் தெரியுமா? நான் டின்னைப் படித்துக் காட்டியதுபோல, மாதம் ஒருமுறை புத்தகத்தை வீட்டில் எல்லாரும் கேட்கப் படியுங்கள்.

அப்படிப் படித்தால், மாமியாருக்கும் மருமகளுக்கும் நடக்கும் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். ரத்தம் குறைவு என்று எழுதியிருந்தால் இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காக விழுங்க வேண்டும் என்று கிழவிக்கும் புரியும். அந்த மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்கக் கூடாது. சோறு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிப்பதும் சத்தைச் சேரவிடாது. எலுமிச்சைத் தண்ணீரோ கொய்யாப்பழமோ நல்லது. சர்க்கரைச் சோதனைக்கு இனிப்புத் தண்ணீர் குடிக்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். நம் இனத்தில் இந்நோய் அதிகம். மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்கள், கர்ப்பம் என்று தெரிந்த அன்றே வேறு வேலை கேளுங்கள். ஆபத்தான பாராகுவாட் மருந்தை 2020இல் தடை செய்துவிட்டார்கள் என்றாலும், மற்ற மருந்துகள் ஒன்றும் தாய்ப்பால் அல்ல.

பிள்ளை வயிற்றில் புரள்வதை எண்ணிக் குறிக்கச் சொல்வார்கள். 12 மணி நேரத்தில் பத்து அசைவு இல்லை என்றால், 'தூங்குகிறது போலிருக்கிறது' என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். அன்றே புறப்படுங்கள். ரத்தம் படுவது, பனிக்குடம் உடைவது, தலை வெடிப்பதுபோல் வலித்துக் கண் மங்குவது, முகமும் கையும் வீங்குவது ஆகியவற்றுக்கும் அப்படித்தான். எந்த வண்டி, யார் ஓட்டுவார், அவர் இல்லாவிட்டால் யார் என்பதை இன்றே பேசிவையுங்கள். எங்களுக்கு ஒரே லாரிதான், யோசிக்க இடமில்லை. இப்போது வாசலுக்கு வாசல் கார் நிற்கிறது. நள்ளிரவில் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பெரியவர்களின் பக்குவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. என் மாமியார் வைத்த பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும்தான் என்னை எழுப்பி உட்கார வைத்தன. எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, ராத்திரியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என்னைத் தூங்கவிட்ட கை அந்தக் கை. ஆனால் பிறந்த பிள்ளை நாக்கில் தேன் தடவுவதையும், பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் காயப்போடுவதையும் விட்டுவிடலாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் வேண்டும். இதைத் தாதி சொன்னால் மாமியாருக்குக் கோபம் வரும். மகன் பக்குவமாகச் சொன்னால் வராது. தம்பிமார்களே, இந்த வேலை உங்களுடையது.

* * *

எதிர்வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் திட்டுவீர்கள்.

மறுநாள் காலையே அந்தப் பையனைக் கூப்பிட்டு என் நாத்தனார் கதையைச் சொன்னேன். "ஒருநாள் சம்பளம் போகுமே பெரியம்மா" என்றான். "போகட்டும்டா" என்றேன். திங்கட்கிழமை இருவரும் போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தார்கள். 21 நாள் கழித்து, சாட்சிக்கு நானும் கிளம்பினேன். என்னைவிட முந்தி, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார் அவன் அம்மா. இரண்டாவது கல்யாணம் என்று பக்கத்து வீட்டார் கேலி செய்தார்கள். திரும்பும்போது பசியாறிவிட்டு வந்தோம். கணக்கை அவனே கொடுத்தான்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. சீர்வரிசைத் தட்டுகளை அடுக்கும்போது, நானும் ஒரு தட்டு கொண்டுபோய் வைத்தேன். அதில் பழமில்லை, பலகாரமில்லை. ஓரம் நசுங்கிய பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. என் மாமியார் போய் இருபது வருஷம் ஆகிறது. என் பிள்ளைகள் தாள்களை எல்லாம் ஃபைலில் போட்டு வைத்திருக்கிறார்கள். டின் சும்மாதான் கிடந்தது.

அந்தப் பெண் அதைத் திறந்து பார்த்தாள். தன் கல்யாணப் பத்திரத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். அவள் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன எழுதியிருக்கு? படி, கேப்போம்" என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் அந்தத் தாள்கள் எங்கே இருக்கின்றன? இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். இல்லாதது எது என்று தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.